காலித் தொட்டியை நம்பாதீர்கள்: டேங்கர் கப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்கர் கப்பலில் புதிதாகச் சேருகிறவர்கள் கச்சா எண்ணெய் நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சுகிறார்கள். சரக்கை இறக்கியதும் நிம்மதியடைகிறார்கள். அதுவே முதல் தவறு. நிறைந்த தொட்டியில் ஆவி தங்க இடம் குறைவு. காலியான பிறகுதான் எஞ்சிய ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கும் பதத்துக்கு வருகின்றன. 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, காங் ஹாகோன் என்ற மூன்று ராட்சத டேங்கர்கள் அடுத்தடுத்து வெடித்தன. மூன்றிலும் அப்போது சரக்கு இல்லை. தொட்டி கழுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. பீய்ச்சியடித்த நீரில் உருவான நிலைமின்சாரத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது.

மந்த வாயு முறை பரவலாகக் கட்டாயமாவதற்கு அந்த வெடிப்புகள் முக்கியக் காரணம். கொதிகலன் புகையைக் கழுவிக் குளிர்வித்துத் தொட்டிக்குள் செலுத்தி, ஆக்சிஜனை 8 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருப்பார்கள். தீப்பிடிக்க அது போதாது. மனிதன் மூச்சுவிடவும் போதாது. வாசனை எதுவும் வரவில்லையே என்று ஏணியில் இறங்குபவர் பாதியிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க, மூச்சுக்கருவி இல்லாமல் பின்னால் ஓடுகிறவர் அடுத்த பலி. இது துணிச்சல் அல்ல. அபாய மணியை அடித்துவிட்டு, கருவியோடு வரும் மீட்புக் குழுவுக்காகக் காத்திருப்பதே சரி.

கருவியைக் குருட்டுத்தனமாக நம்புவதும் தவறுதான். எரிவாயுவை அளக்கும் சாதாரண மீட்டர் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். மந்த வாயு நிறைந்த இடத்தில் அது பூஜ்யம் காட்டினால் பொருளே இல்லை. உள்ளே இறங்கும் முன் முதலில் ஆக்சிஜனை அளக்க வேண்டும்: வெளிக்காற்றைப் போல 21 சதவீதம் இருக்கிறதா என்று. அதுவும் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். வெயிலில் எண்ணெய் விரியும். பொதுவாக 98 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

சமையல் எண்ணெய்தானே என்ற அலட்சியமும் உண்டு. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து நம் துறைமுகங்களுக்கு வரும் பாமாயில் குளிரில் உறைந்துவிடும். துறைமுகம் நெருங்கிய பிறகு அவசரமாகச் சூடேற்றினால் வெப்பக் குழாயை ஒட்டிய எண்ணெய் கருகி, சரக்கின் தரமே கெடும். நாளொன்றுக்கு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது வழக்கமான விதி. ஆகவே இறக்குவதற்குப் பல நாட்கள் முன்பே, நடுக்கடலிலேயே கணக்குப் போட்டு நீராவியைத் திறக்க வேண்டும்.