வலிப்பின்போது மூக்கில் அடிக்கும் ஸ்பிரே: வீட்டில் எப்படிக் கொடுப்பது?

அக்கா மகனுக்கு டாக்டர் மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்ததிலிருந்து, எங்கள் வீட்டில் அம்மா உட்பட எல்லோரும் அதைக் கையாளப் பழகியிருக்கிறோம். அவன் தினமும் குடிக்கும் வால்ப்ரோயேட் சிரப் வலிப்பு வராமல் தடுப்பதற்கு. இந்த ஸ்பிரே, வந்த வலிப்பை நிறுத்துவதற்கு. ஸ்பிரே கையில் இருக்கிறதே என்று சிரப்பை ஒருவேளைகூட விடக்கூடாது.

முதலில் கடையிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று. மதுரை பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் சீட்டைக் காட்டினால் தருவார்கள். ஆனால் ஒரு பஃபுக்கு, அதாவது ஒரு முறை அழுத்தினால், 0.5 மி.கி. வரும் பாட்டிலும் உண்டு, 1.25 மி.கி. வரும் பாட்டிலும் உண்டு. சீட்டில் வெறுமனே ‘4 பஃப்’ என்று மட்டும் இருந்தால் அங்கேதான் சிக்கல். வழக்கமான கணக்கு கிலோவுக்கு 0.2 மி.கி. பத்துக் கிலோ பிள்ளைக்கு 2 மி.கி., அதாவது 0.5 மி.கி. பாட்டிலில் 4 பஃப். அதே 4 பஃபை மற்றதில் அடித்தால் 5 மி.கி. போய்விடும், மூச்சு மந்தமாகிவிடும். அதனால் எத்தனை மி.கி., எத்தனை பஃப் என்று இரண்டையும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். நான் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பதற்றத்தில் அட்டைப்பெட்டியின் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

புது பாட்டிலை வாங்கியதுமே, மெல்லிய புகைபோல வரும்வரை காற்றில் அடித்துத் தயாராக வையுங்கள். ரொம்ப நாள் தொடாமல் இருந்தாலும் அப்படித்தான்.

வலிப்பு வந்ததும் மணி பாருங்கள். போனைத் தேடுவதைவிட நொடிமுள் உள்ள சுவர்க்கடிகாரமே எனக்குப் பிடிக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுரையைத் துடையுங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். சுற்றி நிற்பவர்கள் கொடுக்கத்தான் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது டாக்டர் உங்களுக்குச் சொன்ன நேரத்தில், ஸ்பிரேயை எடுங்கள். தலையைச் சற்று உயர்த்தி, பாட்டிலை நேராக நிறுத்தி, பாதியை ஒரு மூக்கிலும் மீதியை மறு மூக்கிலும் அடியுங்கள். பாட்டில் படுத்துவிட்டால் உள்ளே இருக்கும் குழாய்க்கு மருந்து எட்டாது, வெறும் காற்றுதான் வரும்.

அடித்ததும் மறுபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். தூக்கம் வரும், பயம் வேண்டாம். இன்னும் 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு தடுமாறினாலோ உடனே 108. நன்றாக முழிப்பு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் போனாலும் ஸ்பிரே எங்கள் பையில்தான் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே வர எவ்வளவு நேரமாகும் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: சளி பிடித்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சளியைத் துடைத்துவிட்டு அடியுங்கள், அடைத்திருந்தால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடும் மருந்து சரிப்படுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.