உருது 'ஸே'க்கு சின்ஸா, ஃபாரா? பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருது வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பவர்கள் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து அடித்துச் சலித்திருப்பார்கள். 'இங்கே ஃபார் போடணும்' என்று சொல்லி நகர்ந்தால் அடுத்த வாரமும் அதே வரிதான் வரும். காரணம், சின்ஸ், ஃபார் இரண்டுக்கும் உருதுவில் ஒரே சொல், 'ஸே'. 'பாஞ்ச் சால் ஸே' என்றால் அஞ்சு வருஷமா. 'பீர் ஸே' என்றால் திங்கட்கிழமையிலேர்ந்து.

தமிழில் இந்தப் பிரிவு தானாகவே இருக்கிறது. கடைத்தெருவில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளைகள்தானே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காலச் சொல் '-ஆ' என்று முடிந்தால் ஃபார். '-லேர்ந்து' என்று முடிந்தால் சின்ஸ். நோட்டில் நடுக்கோடு போட்டு, பத்து உருதுத் தொடர்களைச் சொல்லி, எந்தப் பக்கம் போகும் என்று பிரிக்கவிடுங்கள்: ஸுபஹ் ஸே (காலையிலேர்ந்து), தோ கண்டே ஸே (ரெண்டு மணி நேரமா), பச்பன் ஸே (சின்ன வயசுலேர்ந்து), ஏக் மஹீனே ஸே (ஒரு மாசமா)... இந்தப் பத்தும் தடங்கலில்லாமல் பிரிந்த பிறகுதான் முழு வாக்கியம்.

வழுக்கும் இடங்கள் உண்டு. 'ஷாதி கே பாத் ஸே' (கல்யாணத்துக்கு அப்புறத்திலேர்ந்து) என்பதைப் பிள்ளை அப்படியே 'சின்ஸ் ஆஃப்டர் மேரேஜ்' என்று எழுதும். ஆஃப்டரை எடுத்துவிட வேண்டும். 'சின்ஸ் லாஸ்ட் இயர்' சரி, 'சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்' தப்பு. நடுவில் எண் வந்துவிட்டால் அது கால அளவு, 'ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்' என்றே எழுத வேண்டும். (இந்தத் தப்பைத் தமிழ் வாத்தியார்களும் செய்வதுண்டு.) 'நௌ ஸே பாஞ்ச் தக்' (ஒன்பதிலேர்ந்து அஞ்சு வரை) போல 'தக்' கூட வந்தால் சின்ஸும் இல்லை, ஃபாரும் இல்லை; ஃப்ரம்.

வினைச்சொல்லில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. 'கர் ரஹா ஹூம்' என்பதும் 'செய்றேன்' என்பதும் நிகழ்காலம். ஆங்கிலமோ அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஹேவ் பீன், ஹேஸ் பீன் கேட்கும். திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019-இல். அதைச் சொல்ல 'திருப்பத்தூர் ஹேஸ் பீன் அ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019' என்று எழுத வேண்டும். 'இஸ்' போட்டால் தப்பு. இதற்குக் குறுக்குவழி கிடையாது, தனியாக உட்கார்ந்து பழக்கத்தான் வேண்டும்.

காரணம் சொல்லும் சின்ஸ் வேறு. உருதுவில் அது 'சூங்கே'. அதற்கு ஜோடியாக 'இஸ்லியே' (அதனால) வந்து பழகியதால் 'சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், ஸோ வீ ஸ்டேட் ஹோம்' என்று எழுதுவார்கள். ஸோவை அடித்துவிடுங்கள். 'மழை பெஞ்சதால வீட்லயே இருந்தோம்' என்று சொல்லிக் காட்டினால் நடுவில் இன்னொரு சொல் தேவையில்லை என்பது உடனே தெரியும்.

'உஸ் ஸே பூச்சா'வை (அவன்கிட்ட கேட்டேன்) 'ஆஸ்க்ட் ஃப்ரம் ஹிம்' என்பதும், 'முஜ் ஸே படா'வை (என்னைவிடப் பெரியவன்) 'எல்டர் ஃப்ரம் மீ' என்பதும் இதே 'ஸே' செய்யும் வேலைதான். ஆனால் அவற்றை இந்தப் பாடத்தோடு சேர்த்தால் நடுக்கோடு போட்டுப் பிரித்ததெல்லாம் குழம்பிவிடும்; வேறொரு நாளுக்கு வையுங்கள்.