வாசனையை வைத்து நோயைச் சொல்லாதீர்கள்: 108-ல் புதிதாகச் சேர்பவர்களுக்கு

போன மாதம் பயிற்சிக்கு வந்த பையன், வண்டியை விட்டு இறங்குவதற்குள் நோயாளியின் நிலையைக் குறிக்கும் பி.சி.ஆர். படிவத்தில் 'குடிபோதை' என்று எழுதிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை அதே கட்டத்தில் நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். கையுறை போடு, ஸ்ட்ரெச்சர் பெல்ட்டை மாட்டு என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

'சரக்கு கேஸ்' என்று முடிவு கட்டுவது

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008-ல். அதற்கு நாலு வருஷம் கழித்து வண்டியில் முதலுதவி செய்யும் இ.எம்.டி.யாக நான் சேர்ந்தேன். சேர்ந்த முதல் பொங்கல் வாரம். பேருந்து நிறுத்தத்துத் திண்ணையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுருண்டு கிடந்தார். "காலையிலேயே ஏத்திக்கிட்டான் சார்" என்றது கூட்டம். வாயருகே குனிந்தேன், வாசனை அடித்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தோம் என்றார்கள். அதனால் அதில் பாதி வியர்வை என்று எனக்குத் தோன்றவில்லை. பையில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இருந்தது. எடுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிஷ ஓட்டம். மருத்துவமனையில் நர்ஸ் விரலில் குத்தினார்: சர்க்கரை 28. சட்டைப் பையில் நனைந்துபோன சர்க்கரை மாத்திரை அட்டை. உயிர் பிழைத்தார். ஆனால் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷம் என் கணக்கில்தான்.

குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும். சாப்பிடாமல் குடித்தால் இன்னும் இறங்கும், ஏனென்றால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதை மது தடுத்துவிடும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடப்பவரின் மூச்சிலும் பழம் அழுகியது மாதிரி ஒரு வாசனை வரும், அதையும் சாராயம் என்பார்கள். ஆக, வாசனை அடித்தால் 'மது வாசனை உள்ளது' என்று மட்டும் எழுதுங்கள். நினைவு தடுமாறிய எவருக்கும் விரலில் ஒரு குத்து. பத்து வினாடி வேலை.

குத்துமுன் விரலைத் துடையுங்கள். யாராவது ஏற்கெனவே ஜூஸ் புகட்டப் பார்த்திருப்பார்கள். அது விரலில் ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 70-க்குக் கீழே என்றால் குறைவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, அழைப்பு மையத்தில் இருந்து போனில் வழிகாட்டும் ஈ.ஆர்.சி.பி. டாக்டரைப் பிடியுங்கள். அவர் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) சொன்னால், ஊசி ரத்தக் குழாய்க்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்; வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.

ஏற்றியதும் ஆள் எழுந்து உட்கார்ந்து, "நான் நல்லா இருக்கேன் தம்பி, இங்கயே இறக்கி விடு" என்பார். இறக்கிவிடாதீர்கள். சில மாத்திரைகளின் வேலை மணிக்கணக்கில் நீளும், சர்க்கரை மறுபடி விழும்.

மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தாலும் நிம்மதிப்பட முடியாது. தலையைத் தடவிப் பாருங்கள், கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குடித்தவர்தான் கீழே விழுவார்.

"இப்பத்தான் சார்" என்பதை நம்புவது

பக்கவாதத்தில் வாய் கோணி, கை தளர்ந்து வருபவருக்கு நேரம்தான் எல்லாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டால் "இப்பத்தான்" என்பார்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் காலை ஐந்துக்கு அப்படி எழுந்தால், கணக்கு பத்திலிருந்து. கிளம்பும்போதே சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

பைலட்டை விரட்டுவது

பைலட் என்றால் நம் வண்டி ஓட்டுநர். அவரை வேகமாகப் போகச் சொல்லி விரட்ட வேண்டாம். வளைவில் பின்னால் நின்று சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது) செய்யப்போவது நீங்கள்தான்.

முதுகு

முட்டியை மடக்கித் தூக்குங்கள். என் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் எல்-4, எல்-5 சாட்சி.

'எல்லாம் இருக்கு' என்ற ஒப்படைப்பு

பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்து இறங்குபவர் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார். அவர்மேல் தப்பில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பாருங்கள், வாயில் தேங்கும் சளியை உறிஞ்சும் சக்ஷனை ஓடவிட்டுப் பாருங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவைக் கையில் எடுத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா, தேதி தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப் சொல்லும் எண்ணை நம்ப முடியாது. அந்தப் பையனிடம் இப்போது அதைத்தான் முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறேன். நேற்று எண்ணிவிட்டு வந்து, "அண்ணா, நாலுதான் இருக்கு" என்றான்.