'குளோரி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

மொழிபெயர்ப்பதற்காக என் கைக்கு வந்த ஒரு பக்கத்தில் 'குளோரி' என்ற சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது. நான்கிலும் யோசிக்காமல் 'மகிமை' என்று எழுதிவிட்டுத் திருப்பிப் படித்தபோது இரண்டு வாக்கியங்கள் பொருளற்று நின்றன. ஒன்று போர்வீரன் ஒருவனின் பெயரும் புகழும் பற்றியது. மற்றொன்று மேகத்தில் தோன்றும் வண்ண வளையம் பற்றியது. அன்று நான் தேடிய வழியை, இடறிய இடத்தையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

படி 1: வாக்கியங்களைப் பிரித்து வையுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், சொல் வரும் வாக்கியங்களைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் கிடைப்பவை இவை: ஊரறிந்த புகழ், கடவுளுக்குச் செலுத்தும் துதி, கண்கொள்ளாப் பொலிவு, ஓவியங்களில் புனிதர்களைச் சூழும் ஒளி. வினைச்சொல்லாக வரும்போது ஒன்றைக் குறித்துப் பெருமைகொள்வது. இவற்றோடு வளிமண்டல ஒளி நிகழ்வு ஒன்றும் உண்டு. சூரியன் நம் முதுகுப்புறம் இருக்க, கீழே உள்ள மேகத்தில் நம் நிழல் விழுந்தால், நிழலின் தலையைச் சுற்றி உட்புறம் நீலமும் வெளிப்புறம் சிவப்புமாக ஒரு வளையம் தெரியும். விமானத்தில் சூரியனுக்கு எதிர்ப்புறச் சன்னலோரம் அமர்ந்தவர்கள் இதைப் பார்த்திருக்கக்கூடும். அந்த வளையத்தின் பெயரும் 'குளோரி'தான்.

படி 2: அகராதியைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்துக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதி போதும். லத்தீன் பொருளைச் சரிபார்க்க லூயிஸ்–ஷார்ட் அகராதியைத்தான் நான் நம்புவேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பெரும்பதிப்பு கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். பொருளை மட்டும் தந்து வரலாற்றைத் தராத கைபேசிச் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆக்ஸ்போர்டு பெரும்பதிப்பும் மெரியம் வெப்ஸ்டரும் பொருள்களைக் கால வரிசையில் அடுக்குகின்றன. ஆகவே முதலில் இருப்பதுதான் இன்று மிகுதியாக வழங்கும் பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: வந்த பாதையில் பின்னோக்கி நடங்கள்

'குளோரி' ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது லத்தீனின் 'குளோரியா'விலிருந்து கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பொருளைச் சுமந்த பழைய ஆங்கிலச் சொல் 'வுல்டர்'. அது பின்னர் வழக்கிழந்தது. லத்தீன் 'குளோரியா'வுக்கு அப்பால் உள்ள வேர் எது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லாததால், பின்னோக்கிய நடையை அங்கேயே நிறுத்துங்கள்.

படி 4: ஒளி எங்கிருந்து வந்தது?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். சொல்லின் பொருளில் ஒளி இருக்கிறது, எழுத்தும் ஒத்திருக்கிறது. எனவே 'குளோரி' என்பது ஒளிர்வதைக் குறிக்கும் 'குளோ' என்ற ஆங்கிலச் சொல்லின் உறவு என்று முடிவுகட்டி, ஒரு குறிப்பும் எழுதிவிட்டேன். அது தவறு. 'குளோ' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். 'குளோரி' பிரெஞ்சு வழியாக வந்த விருந்தாளி. பழைய லத்தீனில் 'குளோரியா' என்றால் புகழ். சில இடங்களில் தற்பெருமை. ஒளி அதன் பிறவிக்குணமாக இருந்திருந்தால் பழைய நூல்களில்தான் அது முதலில் தென்பட வேண்டும், தென்படவில்லை.

ஒளி மொழிபெயர்ப்பின் வழியாக வந்து சேர்ந்தது. எபிரேயத்தில் 'காவோத்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் பாரம், கனம். அதுவே மதிப்பையும், கடவுளின் வெளிப்பாடாகத் தோன்றும் ஒளியையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்கு 'டோக்ஸா' என்ற சொல்லை எடுத்தார்கள். அதன் பழைய பொருள் வெறும் கருத்து, ஒருவரைப் பற்றிப் பிறர் கொள்ளும் எண்ணம் என்பதே. ஆனால் மொழிபெயர்ப்புக்குப் பின் எபிரேயச் சொல்லின் பாரமும் ஒளியும் அதன் தோளில் ஏறிவிட்டன. லத்தீனுக்கு மாறியபோது அந்தச் சுமை 'குளோரியா'வின் மேல் விழுந்தது.

இதைக் கண்ணால் காண பைபிளில் லூக்கா 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். 9ஆம் வசனத்தில் கர்த்தருடைய மகிமை மேய்ப்பர்களைச் சுற்றிப் பிரகாசிக்கிறது. 14ஆம் வசனத்தில் தேவனுக்கு மகிமை பாடப்படுகிறது. கிரேக்கத்தில் இரண்டும் 'டோக்ஸா'. வுல்காதா என்னும் லத்தீன் மொழிபெயர்ப்போ முதலாவதற்கு ஒளியைக் குறிக்கும் 'கிளாரித்தாஸ்' என்றும், இரண்டாவதற்கு 'குளோரியா' என்றும் பிரித்து வைத்தது. 1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் 'குளோரி'தான். ஒளியும் துதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை இந்த ஐந்து வசன இடைவெளியில் பார்த்துவிடலாம்.

இடையே ஒன்று. தமிழருக்கு 'காவோத்' அவ்வளவு அந்நியமில்லை. 'கனம்' என்ற நம் சொல்லும் பாரத்தையும் மதிப்பையும் சேர்த்தே குறிக்கிறது. தகப்பனையும் தாயையும் 'கனம்பண்ணுவாயாக' என்ற கட்டளையில், எபிரேய மூலத்தில் இருப்பதும் அதே வேரிலிருந்து பிறந்த வினைதான்.

படி 5: இடத்துக்கேற்ற தமிழ்ச் சொல்லை வையுங்கள்

வீரனுக்குப் புகழ், வழிபாட்டுக்கு மகிமை, காட்சிக்குப் பொலிவு, மேகத்தில் தோன்றுவதற்கு ஒளிவளையம். வினைச்சொல்லுக்கு, எழுதியவரின் தொனியைப் பார்த்து, பெருமைகொள்ளுதல் அல்லது பீற்றிக்கொள்ளுதல். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கம் சீராகத் தெரியும், ஆனால் பொருள் போய்விடும்.

பின்சேர்க்கை: செங்காந்தளின் அறிவியல் பெயரான 'குளோரியோசா சூப்பர்பா'வில் இருப்பதும் இதே சொல்லா என்று இதைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். ஆம், இதே சொல்தான். லத்தீனில் 'குளோரியோசஸ்' என்றால் புகழ் நிறைந்தவன். தற்பெருமைக்காரன் என்றும் பொருள் உண்டு. பிளாட்டஸ் எழுதிய பழைய லத்தீன் நகைச்சுவை நாடகம் ஒன்றின் தலைப்பில் வீரனுக்கு அடைமொழியாக அது இரண்டாவது பொருளில் வருகிறது.

இன்னொருவர் 'வெய்ன்குளோரி'யை எப்படிப் பெயர்ப்பது என்று கேட்டார். அதற்கு நாம் சொல் தேட வேண்டியதில்லை. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வரும் பிலிப்பியர் 2:3இல், மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு 'வெறுமையான டோக்ஸா' என்பது நேர்ப்பொருள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே 'வீண்பெருமை' என்று வைத்திருக்கிறார்கள்.