டீசல் மிச்சமும் தொப்பூர் இறக்கமும்: லாரி ஓனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய். லோடு லாரி அந்த இறக்கத்தில் நிற்காமல் ஓடி, முன்னால் போன கார்களை நசுக்கிய செய்தியை நாம் எத்தனையோ தடவை படித்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதோடு செய்தி முடிந்துவிடும். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், பல நேரம் அது ஏதோ ஒரு லாரி ஆபீஸின் கணக்கு நோட்டில் போய் நிற்கிறது. அதனால்தான் இதை டிரைவர்களுக்கு எழுதாமல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

முதல் தவறு, மைலேஜை மட்டும் பார்த்து டிரைவருக்குப் பணம் கொடுப்பது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தாக வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன், கூடினால் மிச்சம் உனக்கு என்று சொல்லிவிட்டால், டிரைவர் இறக்கத்தைக் கண்டதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளத்தான் செய்வார். கியரில் இருக்கும்வரை என்ஜினே வண்டியை வேகமெடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. முழுப் பாரமும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் மேல் விழ, டிரம் பழுக்கச் சூடேறி, மிதித்தாலும் அதை உரசி நிறுத்தும் லைனிங் பிடிப்பதில்லை. பதறிப்போய் விட்டுவிட்டு மிதிக்கும்போது, பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் காற்றும் இறங்குகிறது. என்ஜின் ஐடிலில், அதாவது மிக மெதுவாக, ஓடுவதால் காற்றடைக்கும் கம்ப்ரசரால் அதைச் சட்டென்று நிரப்பவும் முடியாது.

இதில் வருத்தம் என்னவென்றால், இன்றைய பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும்) வண்டிகளில் நியூட்ரலால் டீசல் மிச்சமாவதே இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குப் போகும் டீசல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடில் ஓடுவதற்குத்தான் டீசல் செலவாகும். இதை டிரைவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, சின்ன கியர் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கோடு (புகை போகும் வழியை அடைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பது) இறங்கச் சொல்லுங்கள். மலைப்பாதை உள்ள டிரிப்புக்கு மைலேஜ் கணக்கைத் தளர்த்துவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது தூக்கம். 2025 வரை நடப்பில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நீண்ட தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வழி இருந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. நடைமுறையில் என்ன நடக்கிறது? இரண்டு டிரைவர் போட்ட இடத்தில் செலவைக் குறைக்க ஒருவரை அனுப்புகிறோம். அவர் லோடு இறக்க ஃபேக்டரி வாசலில் பகல் முழுக்க வெயிலில் வரிசையில் நிற்கிறார். 'வண்டி சும்மாதானே நின்றது, நன்றாகத் தூங்கியிருப்பான்' என்று நினைத்து, அன்று இரவே ரிட்டர்ன் லோடு ஏற்றிவிடுகிறோம். வரிசை நகர நகர வண்டியையும் நகர்த்திக்கொண்டிருந்தவர் எங்கே தூங்கினார்? விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அதற்கான விலை தெரியும். காத்திருந்த நேரத்தையும் வேலை நேரமாகவே எழுதுங்கள்.

டயரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ரீட்ரெட் டயரை (தேய்ந்த பின் மேலே புது ரப்பர் ஒட்டியது) பின்னால் ஓட்டுங்கள், முன்னால் போடாதீர்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. பட்டன் ஆழம், அதாவது டயர் மேல் உள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓடக்கூடாத டயர்.

ஓவர்லோடுக்கும் அப்படித்தான். பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அபராதத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஓனர்கள் இருக்கிறார்கள். பிரேக்குக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ராத்திரியில் ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் கார் புகுந்து ஒரு குடும்பமே போவதைக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பீர்கள். ஆனால் அதன் மேல் புழுதி படிந்திருக்கும், இல்லையென்றால் தார்ப்பாய் தொங்கி மறைத்திருக்கும். டிரிப் கிளம்பும் முன் ஒரு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வண்டி நின்றுபோனால் வேப்பங்கிளையை ஒடித்துப் போடும் பழக்கம் போதாது. முக்கோணப் பலகையை வண்டிக்கு ஒட்டி வைக்காமல் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது ரோட்டிலேயே விட்டுவிட்டால், பின்னால் பைக்கில் வருபவர் அதில் விழுவார். இரண்டு மரக்கட்டைகளைக் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்துவிட்டால் கல்லைத் தேடும் வேலையே இல்லை.

அப்புறம், போன். ஜி.பி.எஸ். திரையில் வண்டி ஓடுவது தெரிகிறது. தெரிந்துகொண்டே டிரைவரைக் கூப்பிட்டு "எங்கப்பா வர்றே?" என்று கேட்கிறோம். முதலாளி போனை எடுக்காமல் விட எந்த டிரைவருக்குத் தைரியம் வரும்? ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போனோடு "தொப்பூர் தாண்டிட்டேனுங்கண்ணா" என்கிறார். வண்டி நின்றதாகத் திரை காட்டும்வரை கூப்பிடாதீர்கள். அவசரம் என்றால் ஒரு மெசேஜ் போடுங்கள், டீ குடிக்க நிறுத்தும்போது அவரே கூப்பிடட்டும்.