இளவேனில் கைவேலையில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்னும் ஊரை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில் மழலையர் பன்னிருவருக்கு வசந்தகாலக் கைவேலை சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்ட முதல் ஆண்டில், காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, முந்தைய இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஊதாத் தாளில் டூலிப் பூக்களை வெட்டி வைத்தேன். அந்தப் பூவைப் பச்சைக் காம்பின்மேல் ஒட்டும் வேலையை மட்டுமே குழந்தைகளுக்கு மிச்சம் வைத்திருந்தேன். ஒட்டி முடித்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அதை உயர்த்திப் பிடித்து, “டீச்சர், என் கத்திரிக்காய் நல்லா வந்திருக்கா?” என்று கேட்டாள். ஒரே கைவேலையில் இரண்டு தவறுகளைச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: அது அவள் கண்ட பூவும் இல்லை, அவள் செய்த வேலையும் இல்லை.

டூலிப்பும் முயலும் வண்ண முட்டையும் குளிர்நாடுகளின் வசந்தத்துக்கு உரியவை. அங்கே பனி உருகி, மொட்டையாக நின்ற மரங்கள் துளிர்த்து, மண்ணுக்குள் கிடந்த கிழங்கிலிருந்து டூலிப் எழுவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. ஆகவே அதைத் தாளில் செய்வதற்கு அங்கே பொருள் உண்டு. நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ராமநாதபுரம் கரையோரத்தில் அந்தப் பருவத்தை ஒட்டி வேம்பு பூத்துக் கொட்டும், புங்கு இளம்பச்சையாகத் தளிர்த்து நிற்கும், சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், மணல்மேட்டில் அடும்பங்கொடி ஊதாப் பூ விரிக்கும், நுங்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்க, வலையைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்க்கும் அப்பாவைக் குழந்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் வாசலில் இருக்க, பார்த்தறியாத பூவைச் செய்யச் சொல்வது வீண்வேலை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. பழகிப்போனவர்களும் அதிலிருந்து எளிதில் விடுபடுவதில்லை. செய்து முடித்த பொருள் மாதிரியைப் போலவே இருக்கவேண்டும் என்று நினைப்பதும், அப்படி இல்லாவிட்டால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பியதும் நாமே எடுத்துத் திருத்துவதும்தான் அது. மறு ஆண்டு டூலிப்பை விட்டுவிட்டு வேப்பமரம் செய்யச் சொன்னேன். பழுப்புத் தாளில் அடிமரத்தை ஒட்டிக்கொண்டு, கிழித்த வெள்ளைத் துணுக்குகளைப் பூவாகக் கிளையில் ஒட்டவேண்டும். ஒரு சிறுவன் தன் பங்குத் துணுக்குகளை எல்லாம் தாளின் கீழ்விளிம்பிலேயே குவித்து ஒட்டியிருந்தான். பசை காய்வதற்குள் நான்கைந்தை மேலே நகர்த்திவிடலாம் என்று விரலை நீட்டினேன். “அது விழுந்த பூ டீச்சர். எங்க ஆச்சி கூட்டி அள்ளுவாங்க” என்றான். காய வைத்து ரசத்தில் போடுவதற்காக மரத்தடியில் துணி விரித்து வேப்பம்பூ சேர்ப்பதை அவன் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்த மரத்தைவிட அவனுடைய மரம் உண்மையானது. அன்று முதல் மாதிரி செய்து காட்டுவதை நிறுத்திவிட்டேன். பூவையே கொண்டுவந்து நடுவில் வைத்து, முகர்ந்து பார்த்து, இதழ்களை எண்ணிய பிறகு தாளைக் கொடுத்தால், பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாகச் செய்கிறார்கள். பெற்றோருக்குக் காட்ட அவை அழகாக இல்லாமல் போகலாம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.

விரல்களின் வயதை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு வயதில் கிறுக்குவதும் கிழிப்பதும் கசக்குவதும்தான் முழுவேலை. மூன்றை ஒட்டிக் கத்தரிக்கோலால் தாளின் ஓரத்தை நறுக்கு நறுக்கென்று வெட்டத் தொடங்குவார்கள். நேர்கோட்டின்மேல் வெட்ட நான்கு வயதும், வட்டத்தைச் சுற்றி வெட்ட ஐந்தும் ஆகிவிடுகிறது, சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். இது தெரியாமல் மூன்று வயதுப் பிள்ளையிடம் வண்ணத்துப்பூச்சியின் சிறகை வெட்டச் சொல்லிவிட்டு, அது அழுதால் ‘பொறுமை இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். கிழிப்பதைத் தாழ்வான வேலையாக நினைக்க வேண்டியதில்லை. பழைய நாளிதழை இரண்டு கைவிரல்களாலும் பிடித்து எதிரெதிராக இழுக்கும் அந்த அசைவே பின்னாளில் பென்சில் பிடிக்கும் விரல்களைப் பழக்குகிறது. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்தால் தாள் மடங்குமே தவிர வெட்டாது என்பதையும் கவனிக்கவேண்டும்.

பசை விஷயத்தில் செய்யும் தவறு ஆபத்தானது. சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம், அது நஞ்சு. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அந்தப் பசையைப் பிள்ளைகளிடம் தரக்கூடாது, ஏனென்றால் இந்த வயதில் பசை பட்ட விரல் வாய்க்குத்தான் போகும். குழைந்த சோற்றை மசித்தாலே தாளும் இலையும் நன்றாக ஒட்டும். அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிட்டால் போதும். கடையில் வாங்கிய வெள்ளைப் பசையானால் புட்டியோடு கையில் கொடுக்காமல், ஒரு கரண்டி அளவு சிரட்டையில் ஊற்றி இருவருக்கு நடுவில் வைக்கவேண்டும். புட்டியை அமுக்குவது அவர்களுக்கு ஒட்டுவதைவிடப் பெரிய விளையாட்டு. தாள் ஊறிக் கிழிந்துபோகும்.

வண்ணத்துக்கு மஞ்சள்தூள் நல்லது. ஆனால் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கும் பழைய வித்தையைக் குழந்தைகளிடம் காட்டக்கூடாது. சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெருங்கேடு. மஞ்சள்நீர் பூசிக் காயவைத்த தாளில், சோப்பு கரைத்த நீரை விரலால் தொட்டு வைத்தாலே அந்த இடம் சிவக்கும். பூவரசின் மஞ்சள் பூ வாடும்போது செம்மை ஏறுவதை முதலில் காட்டிவிட்டு இதைச் செய்யவைத்தால், தங்கள் விரல் பட்ட இடத்தில் பூ வாடுகிறது என்று கூச்சலிடுவார்கள். செய்து முடித்ததும் கண்ணைக் கசக்குவதற்குள் கையைக் கழுவிவிடவேண்டும்.

இந்தக் கரையில் பனை ஓலையை விட்டுவிட்டுக் கைவேலை பேசமுடியாது. அதை அப்படியே வெட்டிவந்து கொடுத்துவிடுவது தவறு. பனை மட்டையின் இருபுறமும் கருக்கு அரம்போல இருக்கும். அதைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவரவேண்டாம். முற்றிக் காய்ந்த ஓலை மடித்தால் ஒடியும், விளிம்பு விரலைக் கீறும். குருத்தோலையே இதற்கு ஏற்றது. கிடைக்காவிட்டால் காய்ந்த ஓலையை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரு விரல் அகலத்தில் பெரியவர்களே கிழித்து, ஈரத்துணியால் துடைத்துத் தரவேண்டும். நான்கு வயதுக் குழந்தை அதை மடிக்கும், சுருட்டும், ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாய்போலப் பின்னிப் பார்க்கும். இரண்டு ஓலைகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துச் செய்யும் காற்றாடிக்கு நடுவில் கருவேல முள்ளைக் குத்துவது நம் இளமைக்கால வழக்கம். முள்ளோடு ஓடுகிற பிள்ளை விழுந்தால் என்னாகும் என்பதை யோசித்து, நுனி நறுக்கிய ஈர்க்கைச் செருகி, முனையில் பழைய ரப்பர் செருப்பின் துண்டொன்றைக் குத்தி மூடிவிடலாம். கோத்து இறுக்குவது நம் வேலை, எதிர்க்காற்றில் ஓடுவது அவர்கள் வேலை. நுங்கு வண்டியும் அப்படியே: நுங்கு தோண்டிய கூடு இரண்டையும் குச்சியில் செருகித் தருவது நாம், தள்ளிக்கொண்டு ஓடுவது அவர்கள். மறுநாள் ஈ மொய்க்கத் தொடங்கும் முன் அது ஆட்டுக்குப் போய்விடவேண்டும்.

இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிக அச்சம் தருவது. பறவைக்குக் கண் வைக்கக் குன்றிமணியைவிட அழகான பொருள் இல்லை. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அரளிப் பூவும் அதே வரிசை. எருக்கம்பூவின் வடிவம் குழந்தைகளை ஈர்க்கும், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். வேலிக்கப்பால் நிற்கும்போதே காட்டிப் பெயர் சொல்லிவிட்டு நகர்வது நல்லது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம், நஞ்சு இல்லாவிட்டாலும், சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளையும் தரக்கூடாது. புளியங்கொட்டையும் மணியும் பொத்தானும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவுதான்.

கடற்கரையில் பொறுக்குவதற்கும் வரம்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டிலிருந்து கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் சில சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அலை ஒதுக்கியதுதானே என்று பவளத் துண்டை எடுத்துவந்து அட்டையில் ஒட்டவைப்பது சட்டத்தை மீறப் பழக்குவதாகும். கூம்பு வடிவச் சங்குகளில் சில, உள்ளே உயிர் இருந்தால் நச்சு ஊசியால் குத்தும். வலை மிச்சத்தில் தூண்டில் முள் சிக்கியிருக்கும். சாதாரண மட்டி ஓடுகள் நாலைந்தை, கூர்விளிம்பு இல்லையா என்று தடவிப் பார்த்து எடுத்துவந்து, ஈர மணலில் அழுத்தி அச்சுப் பதித்துவிட்டுத் திரும்பக் கரையிலேயே போட்டுவிடலாம். ஒட்டிவைத்த சங்கைவிட அந்த அச்சைத்தான் பிள்ளைகள் அதிக நேரம் குனிந்து பார்க்கிறார்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலை பத்து மணிக்குள் முடித்துவிடவேண்டும். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் தாள்களைத் துரத்துவதே வேலையாகிவிடும். இருபது நிமிடத்துக்குமேல் உட்காரவைத்தால் பசை சுவருக்குப் போகும். செய்ததைப் பெரியவர்களின் கண் உயரத்தில் ஆணியடித்து மாட்டுவது இன்னொரு பழக்கம். செய்தவர்கள் அண்ணாந்தாலும் அது அவர்களுக்குத் தெரியாது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டி, துணிக் கவ்வியால் அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். சிலர் தங்களுடையதைத் தலைகீழாக மாட்டுவார்கள், அதையும் திருப்பவேண்டாம்.