மவுஸுக்குக் கை போகாமல் பில் போட: சென்னை மண்ணடி, வண்ணாரப்பேட்டை கடைகளுக்கான கீபோர்டு வழிகள்

ஷார்ட்கட் (மவுஸ் இல்லாமல் கீயாலேயே வேலை முடிக்கும் குறுக்குவழி) பட்டியலை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினால் யாருக்கும் மனப்பாடம் ஆகாது. முதலில் ஒரு மணி நேரம் வழக்கம்போல வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். எதற்காகக் கை மவுஸுக்குப் போனாலும் ஒரு கோடு போடுங்கள்: தேதி மாற்ற, பார்ட்டி பெயர் தேட, சேவ் செய்ய, இன்னொரு விண்டோவுக்குப் போக. எந்த மூன்றுக்கு அதிகக் கோடு விழுந்ததோ, இந்த வாரம் அந்த மூன்றுக்கு மட்டும் கீயைப் பழகினால் போதும். அடுத்த மூன்று அடுத்த வாரம்.

மண்ணடி இரும்புக் கடையிலும் எம்.சி. ரோடு துணிக் கடையிலும் அந்தக் கோடுகள் பெரும்பாலும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில்தான் விழும். அதன் இப்போதைய பதிப்பான டேலி பிரைமில் முதல் திரையில் வி அழுத்தினால் வவுச்சர், அதாவது பில்லும் வரவு செலவும் பதியும் பக்கம், திறக்கும். அங்கே எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்6 வரவு, எஃப்5 பணம் கொடுத்தது. தேதிக்கு எஃப்2. முழுத் தேதியும் அடிக்க வேண்டாம். அதே மாதம் என்றால் வெறும் 12 என்று அடித்து என்டர் தட்டினால் போதும். புது வாடிக்கையாளர் வந்தால் பில்லை விட்டு வெளியே போகாதீர்கள். பார்ட்டி பெயர் கேட்கும் இடத்திலேயே ஆல்ட் + சி அழுத்தினால் அவர் பெயரில் லெட்ஜர் (கணக்கு) அங்கேயே உருவாக்கலாம். பாதி பில்லில் நிற்கும்போது "பழைய பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் ஆல்ட் + ஜி அழுத்தி, வேண்டிய ரிப்போர்ட்டின் பெயரை அடித்துப் பாருங்கள். எஸ்கேப் அழுத்தித் திரும்பினால் பில் விட்ட இடத்திலேயே இருக்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. எக்செல்லில் கன்ட்ரோல் + ஏ என்றால் எல்லாவற்றையும் தேர்வு செய்வது. டேலியில் அதே கீ பில்லை ஏற்றுச் சேவ் செய்துவிடும். எக்செல் பழகிய கை டேலிக்கு வந்தால் பாதி பில் சேவ் ஆவது இதனால்தான். தொகையை ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகே கன்ட்ரோல் + ஏ என்று பழகுங்கள். தப்பாகப் போட்ட பில்லை ஆல்ட் + டி அடித்து அழிக்காதீர்கள். கன்ட்ரோல் + இசட் அதைத் திருப்பித் தராது, பில் எண் வரிசையும் குலையலாம். ஆல்ட் + எக்ஸ் அடித்து கேன்சல் செய்தால் எண் அப்படியே நிற்கும், தொகை மட்டும் போய்விடும். ஆடிட்டருக்குப் பதில் சொல்ல அதுதான் நல்லது.

எக்செல்லில் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது அம்புக் கீகள். கன்ட்ரோல் + கீழ் அம்பு அழுத்தினால் அந்த நெடுவரிசையின் (காலம்) கடைசிப் பதிவுக்குப் போகும். ஷிஃப்ட்டும் சேர்த்தால் போகிற வழியெல்லாம் தேர்வாகும். ஆனால் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆல்ட் + சமக்குறி போட்டுக் கூட்டும்போதும் அப்படித்தான்: காலிக் கட்டத்துக்கு மேலே உள்ள தொகைகள் கூட்டலில் சேராது. மாதக் கணக்கு குறைந்து வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தொகை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 போடுங்கள். கன்ட்ரோல் + கீழ் அம்பு அழுத்தியதும் 10,48,576ஆவது வரிசையில் போய் நின்றால் பயப்பட வேண்டாம். கீழே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கன்ட்ரோல் + ஹோம் மேலே கொண்டுவந்துவிடும்.

இன்றைய தேதிக்கு கன்ட்ரோல் + செமிகோலன். இது நாளை மாறாது, அதனால் என்ட்ரி தேதிக்குச் சரி. மேல் கட்டத்தில் உள்ளதே வேண்டும் என்றால் கன்ட்ரோல் + டி. டவுன் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா இல்லாமல் தொகை மட்டும் ஒட்ட, காப்பி செய்த பிறகு கன்ட்ரோல் + ஆல்ட் + வி, பிறகு வி, என்டர்.

தம்பு செட்டி தெருவில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ்களில் நாள் முழுக்க கன்ட்ரோல் + எஃப் (தேடல்) ஓடும். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம். முழுவதையும் அடித்துத் தேடினால் சில சமயம் கிடைக்காது, ஏனென்றால் பதிந்தவர் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார். கடைசி ஆறேழு இலக்கத்தை மட்டும் தேடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம் என்றால் கன்ட்ரோல் + எஃப் எதையும் காட்டாது. "இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு வரியை மவுஸால் தேர்வு செய்து பாருங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் கண்ணால்தான் தேட வேண்டும்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்கள் வேகத்தோடு அடுத்தவர் ஆவணத்தையும் காக்க வேண்டும். வாடிக்கையாளரின் மெயிலைத் திறக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என். குரோமில் இது மறைவு விண்டோ (இன்காக்னிட்டோ): மூடியதும் பார்த்த பக்கங்களின் பதிவு கம்ப்யூட்டரில் தங்காது. ஆனால் டவுன்லோடு ஆன ஆதார் ஃபைல் அந்த விண்டோவை மூடினாலும் போகாது. அதைத் தேர்வு செய்து ஷிஃப்ட் + டெலீட் அடித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழியும். ஃபைல் பெயரை இரண்டு முறை பார்த்துவிட்டு அடியுங்கள். விண்டோஸ் கீ + வி என்பது காப்பி செய்த கடைசி 25 விஷயங்களைக் காட்டும் வசதி. சொந்தக் கம்ப்யூட்டரில் அருமையானது. பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் அதை ஆன் செய்யவே கூடாது, காப்பி செய்த பாஸ்வேர்டுகூட அதில் தங்கும். சீட்டை விட்டு எழுந்தால் விண்டோஸ் கீ + எல் அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

கீ வேலை செய்யவில்லை என்றால் உடனே கீபோர்டை மாற்றாதீர்கள். லேப்டாப்பில் எஃப்8 அழுத்தினால் சத்தமோ வெளிச்சமோ மாறுகிறதா? எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்களில் எஃப்என் + எஸ்கேப் அதை நிரந்தரமாக மாற்றிவிடும். அம்பு அழுத்தினால் கட்டம் மாறாமல் ஷீட்டே நகர்ந்தால் ஸ்க்ரோல் லாக் ஆனில் இருக்கிறது. அந்தக் கீ இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஓ அழுத்தி, திரையில் வரும் கீபோர்டில் அணையுங்கள். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ், ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்வி வரும். தெரியாமல் "யெஸ்" கொடுத்தால் கீபோர்டு கெட்டதுபோலவே நடக்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் இரண்டின் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள். இவ்வளவு பார்த்தும் இடது கன்ட்ரோல் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கீ தேய்ந்திருக்கும். புதுக் கீபோர்டு வரும்வரை வலது கன்ட்ரோலை வைத்து ஓட்டலாம்.